மெஸ்யூ போவேரின் மன்றாட்டுப் பெட்டி

பிள்ளைகள், இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நான் கோபிக்க மாட்டேன். இதில் வருகிற திரேசம்மாவே பிற்காலத்தில் சிரித்தவர்தான். சொல்லட்டுமா என்று அவரிடம் உத்தரவு கேட்டேன். "சொல்லுங்கோ, நான் அண்டைக்குக் கட்டியிருந்தது பழஞ்சீலை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். சீலை நல்ல சீலைதான்.

மொன்றியலில் சென்ட் ஓர்த்தான்ஸ் என்று ஒரு தொகுதி. வில்லரேயில் பாதி, அதற்கு அடுத்த தெருக்களில் பாதி. இந்த ஊரில் பேக்கரிக்கும் ஒரு புனிதரின் பெயர், பஸ் தரிப்பிடத்துக்கும் ஒரு புனிதரின் பெயர். தொகுதி மட்டும் விலக்கா? அங்கிருந்து ஒருவர் மாகாணச் சட்டசபைக்குப் போவார். முந்தினவர் இருபத்தைந்து வருடம் போய்வந்தார். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "மிகவும் நல்ல மனிதர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் இளைப்பாறப் போவதாக அறிவித்ததும் இடம் காலியானது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தத் தொகுதியில் ஒரு கட்சி தபால் பெட்டியை நிறுத்தினாலும் தபால் பெட்டி வெல்லும். ஆகவே உண்மையான தேர்தல், தேர்தல் நாளில் நடப்பதில்லை. அதற்கு எத்தனையோ மாதம் முந்தி, கட்சிக்காரர் கூடித் தங்கள் வேட்பாளரைத் தெரிவு செய்கிற நாளிலேயே நடந்து முடிந்துவிடும். அந்த நாளில் வாக்குப் போடுவதற்குக் கட்சியின் அட்டை ஒன்று கையில் இருந்தால் போதும். கட்சி என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்சிக்கே அது முழுக்கத் தெரியாது.

எங்கள் ஆட்களிடம் அட்டையைச் சேர்ப்பித்தவர் கிறகரி. சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், கெட்ட மனிதர் அல்ல. ஆவணி மாதம் மாதா திருநாளுக்கு யாத்திரை பஸ் ஒழுங்கு செய்கிறவரும் அவரே. மெஸ்யூ போவேர் என்கிற வேட்பாளர் அவரைக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்து, தாம் வென்றால் தொகுதி அலுவலகத்தில் அவருக்கு ஒரு மேசை இருக்கும் என்று சொல்லியிருந்தார். மேசை என்ற சொல்லில் கிறகரி விழுந்துவிட்டார். இருபது வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவர், பாவம்.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறு, யாத்திரை பஸ் இலவசம் என்று அறிவித்தார். சோற்றுப் பார்சலும் இலவசம். பதிகிறவர்களுக்கு ஓர் அட்டை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இலவசமாக வந்த ஒன்றை வாசித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற சனம் நாங்கள்.

திரேசம்மாவும் ஓர் அட்டை வாங்கினார். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் மைக்கல். பிள்ளைகள், இனிச் சொல்லப் போவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் இதிலேதான் நிற்கிறது. மைக்கல் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு களவுச் சோலியில் அகப்பட்டு மறியலில், அதுதான் சிறையில், இருந்தான். இது திரேசம்மாவுக்கு மட்டும் தெரியும் என்று திரேசம்மா நினைத்திருந்தார். கோயிலில் கேட்டவர்களுக்கு, "அவன் ரொறன்ரோவிலை வேலை எடுத்துப் போட்டான்" என்றார். பொய்யும் ஒரு பிள்ளைதானே, ஒருமுறை பெற்றுவிட்டால் வளர்க்க வேண்டும். நத்தாருக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். தைமாதம் சம்பளம் கூட்டினார். மாசியில் நல்ல குளிர்ச்சட்டை ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் வாயால்தான்.

புரட்டாதியில் அவனை முன்கூட்டியே விடலாமா என்று விசாரிக்க இருந்தார்கள். மாதா கோயிலுக்குப் போய், மன்றாட்டுப் பெட்டியில் அதை எழுதிப் போட்டு, அவன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவது திரேசம்மாவின் நேர்த்திக்கடன். மாதாவைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவும்தான் அவர் கேட்டது.

பஸ் காலையில் புறப்பட்டது. செபமாலை தொடங்கியது. முதல் பத்து மணிகளை உருட்டி முடித்து அடுத்த பத்து தொடங்குகிற இடைவெளியில் கிறகரி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பான யாத்திரிகர்களே, முதல்லை சென்ட் ஓர்த்தான்ஸிலை ஒரு சின்ன நிப்பாட்டு. பேந்து நேரை மாதாவிட்டைதான். வாசல்லை அட்டையைக் காட்டுங்கோ. உள்ளுக்கை ஒரு கடுதாசியும் பென்சிலும் தருவினம். மறைப்புக்குப் பின்னாலை போய்... ஒரு சிலுவையைப் போட்டு, மடிச்சுப் பெட்டிக்குள்ளை போட்டிட்டு வாங்கோ. மேல் பேர் நல்ல பேர். அவ்வளவுதான்."

முன் ஆசனத்தில் இருந்த பத்திநாதர் கேட்டார்: "மேல் பேர் எண்டால் ஆர் தம்பி?"

"மேலை இருக்கிறவர்தான் அண்ணை."

பத்திநாதர் பஸ்சின் கூரையைப் பார்த்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஊரில் வாக்குச்சீட்டில் போடுகிற குறிக்குப் புள்ளடி என்று பெயர். அந்தச் சொல்லைக் கிறகரி சொல்லியிருந்தால் பஸ்சில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும். தேர்தலைக் காணாத சனமா நாங்கள்? ஆனால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு தன் முகத்தைப் பார்க்கிறவர்களிடம் "வோட்டு" என்று சொல்ல வெட்கத்தில் அவருக்கு நா எழவில்லை. பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல் வராததனால் நடந்தது.

கூட்டம் நடந்த இடம் ஒரு கோயிலின் கீழ்மண்டபம். இந்த ஊரில் கோயிலுக்கு மேலே ஆட்கள் குறைந்து, கீழே பிங்கோவும் அரசியலும் நடக்கிற காலம் அது. மூலையில், மடித்து அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால், நீலப் போர்வையோடு ஒரு மாதா சொரூபம் நின்றது. அதைக் கண்டதும் எங்கள் பஸ்சில் வந்த சிசிலி சப்பாத்தைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். வாசல் முழுக்கச் சப்பாத்து. கட்சித் தொண்டர் ஒருவர் அதைப் படம் பிடித்து, "எவ்வளவு ஒழுங்கான சமூகம்" என்றார்.

திரேசம்மாவின் மெழுகுதிரியை வாசலில் மறித்தார்கள். இரண்டு முழத்துக்கு மேல் நீளமான பிரசாரப் பொருள் மண்டபத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று விதி. ஓர் அதிகாரி அளவு நாடாவைப் பிடித்தார், மற்றவர் இது யாருக்கான பிரசாரம் என்று கேட்டார். திரேசம்மா மூலையில் நின்ற மாதாவைக் காட்டினார். அப்படி ஒரு வேட்பாளர் பட்டியலில் இல்லை என்பதைச் சரிபார்த்து, திரியின் நடுவில் "நடுநிலை" என்று ஒரு பச்சை ஒட்டுத்தாளை ஒட்டி உள்ளே விட்டார்கள்.

கூட்டத் தலைவர் மெத்ர் வாஷோன், ஒரு சட்டத்தரணி. எழும்பி நின்று சொன்னார்: "ஜனநாயகம் என்பது ஒரு திறந்த கதவு. ஆகையால் இப்போது கதவைப் பூட்டுகிறேன். முடிவு அறிவிக்கும்வரை ஒருவரும் வெளியேற முடியாது."

கதவைப் பூட்டியவுடன் பத்திநாதருக்கு ஒன்றுக்கு வந்தது. வாசலுக்குப் போனவரைத் திருப்பி அனுப்பினார்கள். கழிப்பறைக் கதவைத் திறப்பதற்கு ஒரு பிரேரணை வேண்டுமாம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். மற்றொருவர், "ஒருமுறைக்கு ஒருவர்" என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் வந்தது. பத்திநாதர் ஆதரவாகக் கை உயர்த்தச் சொன்னபோதும் உயர்த்தினார், எதிராக உயர்த்தச் சொன்னபோதும் உயர்த்தினார், எண்ணி முடிக்குமுன் ஓடினார். "எல்லா வாக்கெடுப்பிலும் பங்குகொண்ட அந்த முதியவரை நான் பாராட்டுகிறேன்" என்று மெத்ர் வாஷோன் சொன்னது குறிப்பில் பதியப்பட்டது.

பிறகு மெஸ்யூ போவேர் பேச வந்தார். அவர் பின்னால் அவருடைய பெரிய படம். அதில் அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். கீழே, "நான் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தது.

"நான் இந்தத் தொகுதியில் பிறந்தவன்" என்றார். "வசதி வந்ததும் ஆற்றுக்கு அப்பால் வீடு வாங்கிப் போனேன் என்பது உண்மை. ஆனால் போகும்போது என் இதயத்தை இங்கேயே விட்டுச் சென்றேன். இங்கே இருந்த பழைய வீட்டை வாடகைக்கும் விட்டுச் சென்றேன். பல்லினப் பண்பாடு எனக்கு உயிர். என் தாயாரைக் குளிப்பாட்டுகிறவரும் என் அலுவலகத்தைக் கூட்டுகிறவரும் இந்தத் தொகுதி மக்கள்தாம். அவர்களுடைய பெயர்கள் எனக்கு வாயில் நுழைவதில்லை என்றாலும் அவர்கள் என் குடும்பம். எவரையும் நாங்கள் கட்டாயப்படுத்திக் கொண்டுவரவில்லை. பஸ் மட்டும்தான் அனுப்பினோம். நான் பேச வரவில்லை. கேட்க வந்திருக்கிறேன்." இதைச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் கடக்கும்வரை பேசினார்.

அடுத்தது அவரை எதிர்த்து நின்ற வேட்பாளர் மாடம் செவினி. "பக்தியுள்ள எளிய மக்களை பஸ்சில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவது வெட்கக்கேடு" என்று கையை நீட்டினார். "எங்களுடைய பஸ் நேரத்துக்கு வராதது அதைவிட வெட்கக்கேடு. அதற்குப் பொறுப்பானவரை நீக்கிவிட்டேன்."

எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு கை தட்டினார்கள். பிரசங்கம் நீண்டுபோன பூசை என்று பொறுத்துக்கொண்டார்கள். திரேசம்மா மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி, மாதா கோயில் பூசைக்கு நேரம் போகுதெல்லே?" என்று கிறகரியிடம் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் அக்கா. இது முடிஞ்சவுடனை பறந்திடலாம்."

கடைசியில் கடுதாசி கொடுத்தார்கள். முன்பக்கத்தில் இரண்டு பெயர், இரண்டு வட்டம். பூசை வைக்கிற சுவாமிமாரின் பெயராக்கும் என்று திரேசம்மா எண்ணினார். பின்பக்கம் நல்ல வெறுமை. மேசையில் அட்டையால் மறைப்பு, அருகே நூலில் கட்டிய பென்சில், அப்பால் வாய் ஒடுங்கிய பெட்டி, மூலையில் மாதா. கிறகரி சொன்னது போலவே எல்லாம் இருந்தது. சின்ன வயதில் சுவாமி படிப்பித்த பழக்கம், எதை எழுதினாலும் தாளின் தலையில் முதல் ஒரு சிலுவை. திரேசம்மா சிலுவையைக் கீறி, அதன் நாலு நுனியிலும் நாலு பூ வைத்தார். கீழே எழுதினார்:

"மாதாவே, என் மகன் மைக்கலை வருகிற மாதம் மறியலில் இருந்து வெளியே கொண்டுவாரும். ரொறன்ரோவில் இருக்கிறான் என்று நான் சொன்ன பொய்யை மன்னியும். அவன் கெட்ட பிள்ளை அல்ல என்பது உமக்குத் தெரியும். திரேசம்மா, மன்னார்."

ஊரையும் எழுதினார். உலகத்தில் எத்தனை திரேசம்மா. நாலாக மடித்து, கண்ணில் ஒற்றி, பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தொட்டு முத்தி செய்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

மாடம் செவினியின் முகவர் எழும்பி, பெட்டியை முத்தமிடுவது வாக்குப் பெட்டியின் மீது செல்வாக்குச் செலுத்துவதாகும் என்று ஆட்சேபித்தார். மெத்ர் வாஷோன் விதிநூலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். முத்தத்தைப் பற்றி எதுவும் இல்லை. "அனுமதி உண்டு. ஆனால் உதடு பெட்டியின் வாய்க்குள் போகக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார்கள். மற்றவர்களின் சீட்டில் மாடம் செவினி சொற்ப வாக்கால் முந்தி நின்றார். பிறகு எங்கள் ஆட்களின் சீட்டுகள் வந்தன. ஒரு வட்டத்திலும் ஒரு குறியும் இல்லை. திருப்பினால் பின்பக்கம் சிலுவை, அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போல எழுத்து.

"செல்லாதவை" என்றார் செவினியின் முகவர்.

"குறி இருக்கிறதே" என்றார் போவேரின் முகவர். "வாக்காளரின் நோக்கம் தெளிவாயிருந்தால் வாக்குச் செல்லும் என்பது விதி." ஒரு சீட்டைத் தூக்கி மின்விளக்குக்கு நேரே பிடித்தார்கள். பின்பக்கத்துச் சிலுவை தாளை ஊடுருவி, மேலே இருந்த போவேரின் பெயருக்குப் பக்கத்தில் தெரிந்தது. ஒருவர் கதிரையில் ஏறி நின்று பார்த்தார். தாளைச் சரித்தால் சிலுவை செவினியின் பக்கம் சரிந்தது. தாளைச் சரிக்கலாமா என்று அரைமணித்தியாலம் விவாதித்தார்கள். கடைசியில் மெத்ர் வாஷோன், "எழுதியிருப்பதை வாசித்தால் நோக்கம் புலப்படும். இந்த மொழி தெரிந்தவர் வந்து ஒலிவாங்கியில் வாசிக்கட்டும். முதலில் அவர்கள் மொழியில், பிறகு பிரெஞ்சில்" என்றார்.

கிறகரி போனார். அவருக்கு அப்போதும் விஷயம் விளங்கவில்லை. முதல் சீட்டைப் பிரித்து, கோயிலில் வாசகம் வாசிக்கிற கம்பீரத்தோடு வாசித்தார்:

"மாதாவே, என் மருமகள் செலீனின் நாக்கை அடக்கியருளும். இப்படிக்கு, சிசிலி."

செலீன் சிசிலிக்கு அடுத்த கதிரையில்தான் இருந்தாள்.

"மாமி," என்றாள் மெதுவாக.

சிசிலி செபமாலையை எடுத்து மிக வேகமாக உருட்டத் தொடங்கினார்.

கிறகரியின் முகம் வெளிறியது. பிறகு பிரெஞ்சில் சொன்னார்: "இந்த வாக்காளர் எதிரணியின் பொய்ப் பிரசாரத்தைக் கண்டிக்கிறார். மெஸ்யூ போவேருக்கே தன் வாக்கு என்கிறார்."

"ஏற்கப்பட்டது" என்றார் மெத்ர் வாஷோன்.

அப்போதுதான் எங்கள் ஆட்களுக்கு விடிந்தது. "அடே, இது மன்றாட்டுப் பெட்டி இல்லை" என்று பத்திநாதர் முணுமுணுத்தார். அடுத்த சீட்டு அவருடையது. அதைக் கிறகரி பாதி வாசித்துவிட்டார்: "மாதாவே, தம்பி லவாலில் வாங்கின வீட்டை எல்லோரும் புகழுகிறார்கள். அதின் கூரை ஒருமுறையாவது..." அதோடு நிறுத்தினார். ஒழுகவேண்டும் என்று அவர் வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டியிருக்கவும் இல்லை. பத்திநாதர் தன் காலுறையில் இருந்த ஓட்டையை முதன்முதலாகக் காண்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சீட்டில் இருந்து கிறகரி தமிழையும் மாற்றிவிட்டார். சீட்டைப் பிரிப்பார், ஒரு கணம் கண்ணால் வாசிப்பார், கழுத்து வியர்க்கும், பிறகு, "மெஸ்யூ போவேர் வாழ்க" என்பார். அடுத்தது, "மெஸ்யூ போவேர் வாழ்க." எங்கள் ஆட்கள் ஓம், ஓம் என்று தலையை ஆட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தன்னுடையது வாசிக்கப்படாமல் போனது பெரிய ஆறுதல். பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது என்று எண்ணினார்கள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரேசம்மாவும் தலையை ஆட்டினார். பிள்ளைகள், ஒரு மண்டபம் நிறைந்த சனம் தங்கள் செபங்களை வாழ்க கோஷமாக மாற்றுவதைக் கேட்டு நன்றியோடு தலையாட்டியது. அதைத்தான் அடுத்த நாள் ஓர் அறிக்கையில், "தமிழ்ச் சமூகத்தின் ஏகமனதான ஆதரவு" என்று எழுதினார்கள்.

செவினியின் முகவர் மடையர் அல்ல. பின்பக்கம் முழுவதும் எழுதி நிரப்பிய ஒரு சீட்டைக் கிறகரி பிரித்து, அதையும் "வாழ்க" என்று முடித்ததும் எழும்பினார்.

"இத்தனை வரிக்கும் மூன்று சொல்லா? எங்கள் பக்கத்திலும் ஒரு தமிழர் இருக்கிறார். அவர் இந்தச் சீட்டைப் பார்க்கட்டும். இந்த மொழிபெயர்ப்பு பொய் என்றால் இவர்களின் சீட்டு அத்தனையும் செல்லாது."

அவர் உயர்த்திப் பிடித்த சீட்டின் தலையில் சிலுவை. சிலுவையின் நாலு நுனியிலும் நாலு பூ.

திரேசம்மாவின் கைக்குள் மெழுகுதிரி இளகத் தொடங்கியது.

அந்தத் தமிழர் சிவநேசம். வில்லரேயில் தெப்பனர் கடை வைத்திருப்பவர். பாலும் பேப்பரும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை. நெற்றியில் திருநீற்றோடு கோயிலின் கீழ்மண்டபத்தில் ஓர் ஓரமாக நின்றார். கடையில் பியர் விற்க அனுமதி கேட்டு அலைந்து களைத்து, மாடம் செவினி வென்றால் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவருடைய பக்கத்தில் சேர்ந்திருந்தார். திரேசம்மா வாரம் இரண்டுமுறை பால் வாங்குவது அவரிடம்தான்.

அவர் சீட்டை வாங்கினார். சட்டைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டார். வாசித்தார். கீழே இருந்த பெயரையும் ஊரையும் வாசித்தார். திரேசம்மா இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. மிகக் கவனமாகத் திரும்பவில்லை.

"என்ன எழுதியிருக்கு அண்ணை? உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார் கிறகரி.

சிவநேசம் தாளை மடித்தார். எப்படி மடித்திருந்ததோ அப்படியே நாலாக.

"இவர் வாசிச்சது சரி" என்றார் தமிழில். பிறகு பிரெஞ்சில், "செ கொரெக்ட்."

"இவ்வளவு எழுத்தும் வாழ்க என்பதற்கா?" என்றார் முகவர்.

"எங்கள் மொழியில் மரியாதைக்கு நிறைய எழுத்து வேண்டும், மெஸ்யூ."

மாடம் செவினி அவரைப் பார்த்த பார்வையிலேயே பியர் லைசன்ஸ் மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டது.

மெஸ்யூ போவேர் வென்றார். "தங்கள் நம்பிக்கையைச் சொந்தக் கையெழுத்தில் எழுதித் தந்த வாக்காளரை என் அனுபவத்தில் கண்டதில்லை" என்று மெத்ர் வாஷோன் கண் கலங்கினார். மெஸ்யூ போவேர் படத்தில் போலவே காதில் கையை வைத்து எங்கள் ஆட்களுக்கு முன்னால் நின்றார். அவர்கள் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திரேசம்மா கிறகரியிடம் போனார்.

"தம்பி, என்ரை கடுதாசியைத் திருப்பி வாங்கித் தாரும். அது அவைக்கு எழுதினதில்லை."

கிறகரி போய்க் கேட்டார். சீட்டுகளை உறையில் இட்டு அரக்கு வைத்துக்கொண்டிருந்த மெத்ர் வாஷோன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வாக்குச்சீட்டு இரகசியமானது. எழுதியவருக்குக்கூடக் காட்ட முடியாது."

வெளியே பஸ்சுக்குப் பக்கத்தில் சிவநேசம் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றார். திரேசம்மாவைக் கண்டதும் சிகரெட்டை நிலத்தில் போட்டு மிதித்தார்.

"சிவநேசம்..." என்று தொடங்கினார் திரேசம்மா.

"அக்கா, மகன் ரொறன்ரோவாலை வந்தால் கடைப்பக்கம் ஒருக்கால் வரச்சொல்லுங்கோ. பின்னறையிலை பெட்டி தூக்க ஆள் தேவைப்படுது."

அந்த நேரத்தில்தான் திரேசம்மாவுக்கு ஒரு நாள் நினைவு வந்தது. மைக்கலைப் பிடித்த கிழமை. பால் வாங்கப் போனபோது கடையில் பேப்பர் அடுக்குகிற தட்டு வெறுமையாக இருந்தது. "இண்டைக்குப் பேப்பர் வரேல்லை அக்கா" என்றார் சிவநேசம். கவுண்டருக்குக் கீழே ஒரு கட்டு அவிழ்க்காமல் கிடந்ததைத் திரேசம்மா கண்டிருந்தார், அன்று அதை யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார்: "ரொறன்ரோவிலை குளிர் எப்பிடியாம்?" திரேசம்மா ஒவ்வொரு முறையும் குளிரைச் சொல்வார். இத்தனை மாதமும், எல்லாம் தெரிந்த ஒருவர், தெரியாதவர் போலக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வெட்கத்துக்கு முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு பஸ்சில் ஏறினார்.

பஸ்சில் ஒருவரும் செபமாலை சொல்லவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்த சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கொஞ்ச நேரம். செலீன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி தன் பார்சலில் இருந்த முட்டையைச் சிசிலியின் பார்சலுக்குள் வைத்தாள். சிசிலிக்கு முட்டை பிடிக்கும்.

மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து வெகுநேரம். வாசலைப் பூட்ட வந்தவரிடம் கெஞ்சி உள்ளே போனார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் மன்றாட்டுப் பெட்டி இருந்தது. பக்கத்தில் கடுதாசிக் கட்டு, நூலில் கட்டிய பென்சில். அதைக் கண்டதும் முன்னால் போனவர்கள் அப்படியே நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். வருடாவருடம் இடிபட்டு எழுதுகிற சனம். அன்று ஒரு கைகூட நீளவில்லை.

திரேசம்மா மெழுகுதிரியைக் கொளுத்தி நட்டார். "நடுநிலை" என்ற பச்சைத்தாள் இன்னும் அதன் நடுவில் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. விட்டுவிட்டார். முழங்காலில் நின்று வாயால் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஆளில்லாத கோயில் எதையும் ஒளிக்காது.

"மாதாவே, கடுதாசியை அவை பிடிச்சு வைச்சிருக்கினம். அதாலை வாயாலை சொல்லுறன். என்ரை பெடியன் ரொறன்ரோவிலை இல்லை. மறியலிலை இருக்கிறான். புரட்டாதியிலை விடப் பண்ணும்."

பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு குரல், "ஆமென்" என்றது. பத்திநாதர். அதற்குப் பின் மற்றவர்கள். கிறகரி அதில் இல்லை. அவர் பஸ்சிலிருந்து இறங்கவே இல்லை.

மைக்கலைப் புரட்டாதியில் விடவில்லை. ஐப்பசியில் விட்டார்கள். மாதாவுக்கும் எத்தனை தொகுதி. அவன் சிவநேசத்தின் கடையில் பெட்டி தூக்கினான். அந்தக் கடையில் இன்றைக்கும் பியர் இல்லை. பங்குனியில் பொதுத்தேர்தல் வந்தது. தபால் பெட்டியும் வென்றிருக்கும் தொகுதியில் மெஸ்யூ போவேர் வென்றார். கிறகரிக்கு மேசை கிடைத்தது. அதில் இருந்துகொண்டு, தமிழர் யாராவது உள்ளே வந்தால் எழும்பி நின்றுவிடுவார். இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டார்.

தேர்தல் முடிந்த கிழமை திரேசம்மாவுக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. தடித்த, பளபளப்பான அட்டை. மெஸ்யூ போவேர் காதில் கை வைத்து நின்றார்.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று மகனிடம் நீட்டினார்.

மைக்கல் வாசித்தான். "'நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது' எண்டு போட்டிருக்கு அம்மா."

"என்ன கேட்டதாம்?"

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "அது எழுதேல்லை."

குப்பைக்கூடையை நோக்கி அவன் கையை நீட்டியபோது திரேசம்மா மறித்தார். அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"எறியாதை. பின்பக்கம் வெறுசாக் கிடக்கு. ஆவணிக்கு மாதாவுக்கு எழுத உதவும்."